கோல் கணக்கும் கூலிக் கணக்கும்

தமிழில் விளையாட்டுப் படம் என்று ஒரு தனி வகையே உருவாகிவிட்டது. 'வெண்ணிலா கபடிக் குழு' (2009), 'ஜீவா' (2014), 'பிகில்' (2019), 'சார்பட்டா பரம்பரை' (2021), 'ப்ளூ ஸ்டார்' (2024), 'பைசன்' (2025) என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் சில நம்மவர்கள் எடுத்தவை. சில நம்மைப் பற்றி எடுக்கப்பட்டவை. சில நம் தலையை லேசாகத் தடவிவிட்டுப் போனவை. எல்லாவற்றுக்கும் விசில் அடித்திருக்கிறோம், சிலவற்றுக்கு விமர்சனக் கூட்டமும் நடத்தியிருக்கிறோம். அந்தக் கூட்டங்களில் சாதி பற்றிக் கேட்டோம், திமிர் பற்றிக் கேட்டோம், யாருடைய உடம்பு யாருக்காக ரத்தம் சிந்துகிறது என்றும் கேட்டோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதாக நினைவில்லை. ஆடுகிறவனுக்குச் சம்பளம் என்ன?

சிரிக்க வேண்டாம். இது பனியன் கம்பெனிக்காரன் புத்தி என்று சொல்வீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலிக் கவர் வாங்கிப் பழகிய ஊரில் உட்கார்ந்து படம் பார்க்கிறவனுக்கு அந்தப் புத்திதான் வரும். குண்டடம் பக்கத்துச் சேரிகளிலிருந்து விடியக்காலையில் கம்பெனி வண்டி ஏறுகிற பெண்களுக்குப் பீஸ் ரேட் தெரியும், ஒன்றரை ஷிப்ட் தெரியும், பவர் டேபிள் கான்ட்ராக்டர் பிடித்துக்கொள்கிற காசு தெரியும். இரண்டரை மணி நேரம் ஓடி, விழுந்து, எலும்பு முறிந்து, எழுந்து நிற்கிற கதாநாயகனுக்கு மாதம் எவ்வளவு, கொடுப்பது யார், காயம்பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று ஒரு காட்சியிலும் வராவிட்டால் அவர்களுக்குச் சந்தேகம் வராதா?

'பிகி'லை எடுத்துக்கொள்வோம். பெண்கள் கால்பந்து அணி, கோச் விஜய், கூட்டமைப்புத் தலைவராக ஒரு வில்லன். தீமை முழுவதும் அந்த ஒரு ஆளின் குணத்தில் குடியிருக்கிறது. அவன் பழி வாங்குகிறான், சதி செய்கிறான். அவனைத் தோற்கடித்தால் கால்பந்து சுத்தமாகிவிடும். அந்தப் பெண்கள் யாரோடு ஒப்பந்தம் போட்டார்கள், கோப்பை வாங்கிய மறுநாள் எந்த வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் படத்துக்கு வெளியே கிடக்கிறது. நிஜத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018லும் 2023லும் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்றார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. அந்த வெற்றிகளுக்குப் பிறகும் நம் பெண்கள் கால்பந்தில் சோறு தேடவில்லை. போலீஸ் வேலை, ரயில்வே வேலை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் தேடினார்கள். பந்தை உதைத்துப் பிழைக்க முடியாது, பந்தைக் காட்டி அரசு வேலை வாங்கலாம் என்பதுதான் இங்கே உள்ள ஏற்பாடு. படம் இதைத் தொடவே இல்லை. இதே படத்தில் அடியாள் உலகத்து வில்லனாக வந்து போகிறவர் ஐ.எம். விஜயன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், கேரளப் போலீஸ் அணிக்குப் போய், பிறகு மோகன் பகானுக்குப் போய், இந்தியாவின் மிகச் சிறந்த ஃபார்வர்டுகளில் ஒருவரானவர். கால்பந்துப் படத்தில் நிஜக் கால்பந்துக்காரனுக்குக் கொடுத்த வேலை அடிதடி. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

'ஜீவா' துணிச்சலான படம்தான். தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டில் பூணூலுக்கு இருக்கும் செல்வாக்கை வெளிப்படையாகப் பேசியது. சுசீந்திரனுக்கு அந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சாதிக் கதவை உடைப்பது யார் என்று பாருங்கள். சங்கத்தின் கதவு மூடும்போது தனியார் லீக்கின் கதவு திறக்கிறது. காசுக்குச் சாதி இல்லை, திறமையை மட்டும்தான் அது பார்க்கும் என்று ஒரு நம்பிக்கை அங்கே விதைக்கப்படுகிறது. தாராபுரம் ரோட்டில் நின்று கேட்டால் நம்மவர்களே இதைச் சொல்வார்கள். "பண்ணையத்துல கிடந்ததுக்குக் கம்பெனி எவ்வளவோ மேலுங்க, அங்க வாடா போடான்னு கூப்பிட ஆளில்லை." அது உண்மைதான். பண்ணையாளாக இருந்த தாத்தாவுக்குக் கிடைக்காத மூச்சு பேரனுக்குத் திருப்பூரில் கிடைத்தது. அந்த மூச்சை நான் மறுக்கவில்லை. படம் அதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் வழக்கு. கதவு திறந்தது, உள்ளே போனான், சரி. உள்ளே போனவன் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான்?

'வெண்ணிலா கபடிக் குழு'வில் நாயகன் ஆடு மேய்க்கிறவன். எங்கள் மேட்டுக்காட்டுப் பக்கம் ஆடு மேய்த்தவர்களுக்கு அந்தப் படத்தின் வெயில் புரியும். அவன் கடைசியில் செத்துப்போகிறான். செத்தவனுக்குக் கூலி பாக்கி இல்லை. 'ப்ளூ ஸ்டார்' எனக்குப் பிடித்த படம். அரக்கோணத்தில் காலனி அணியும் ஊர் அணியும் எதிரெதிரே நின்று, பிறகு இருவருக்கும் மேலே ஒருவன் இருக்கிறான் என்று கண்டுபிடித்து ஒன்றாக ஆடுகிறார்கள். தமிழ் சினிமாவில் அரிதாக வந்த அரசியல் அது. அங்கேயும் ஆட்டம் மானத்துக்காகத்தான். மானத்தோடு கூலியும் சேர்ந்த ஒரு ஆட்டத்தை நம் இயக்குநர்களால் இன்னும் கற்பனை செய்ய முடியவில்லை.

கூலியை அழிக்கும் இந்தப் பழக்கம் சினிமாவில் தொடங்கியதல்ல, நம் இலக்கியத்தின் பழைய நோய் இது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அங்கே தகராறு எதைப் பற்றி? கூடுதலாக அரைப்படி நெல், கூடவே சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. 1975இல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அந்த நிகழ்ச்சியைத்தான் எடுத்துக்கொண்டது. பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவில் காரணம் தேடியது. அரைப்படி நெல் இருந்த இடத்தில் உளவியல் வந்து உட்கார்ந்தது. நாவலுக்கு 1977இல் சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது. 'பிகில்' வில்லனையும் அந்தப் பண்ணையாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முதலாளி கெட்டவன், ஏனென்றால் அவன் மனசு கோணல். மனசு நேரான முதலாளி வந்தால் பிரச்சினை தீர்ந்தது. உறவைக் குணமாக மாற்றிவிடுவது மேல்சாதிக் கதைசொல்லலின் பழைய தந்திரம். நம்மவர்களும் அதை அறியாமல் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் வருத்தம்.

இனி நிஜக் கால்பந்துக்கு வருவோம். நாட்டில் நடந்த ஒரு பெரிய கதவடைப்பை நாம் கதவடைப்பு என்று பெயர் சொல்லி அழைக்கவே இல்லை.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் தரப்போடு 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டது. தொகை 700 கோடி ரூபாய். அதன் வழியாக 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள், உருக்காலை முதலாளிகள் எல்லாம் அணி வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய வேண்டியது. புதுப்பிப்பது பற்றிப் பேச்சு முடியாததால் 2025 ஜூலையில் லீக்கை நடத்தும் நிறுவனம் அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தியது. ஒடிசா அணி ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. நம் சென்னையின் எஃப்.சி.யும் முதல் அணியின் வேலைகளை நிறுத்தியது. அந்த வருஷம் முடியும்வரை லீக் தொடங்கவில்லை. கூட்டமைப்புக்கும் நிறுவனத்துக்கும் இடையே தகராறு. சம்பளம் போனது மூன்றாவது ஆளுக்கு. ஏற்றுமதி ஆர்டர் நின்றால் எக்ஸ்போர்ட்டர் பையரோடு கடிதப் போக்குவரத்து நடத்துவார், செக்கிங் பெண்ணை "அடுத்த வாரம் வாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான்.

நவம்பரில் ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே அறிக்கையைச் சமூக வலைத்தளங்களில் வெளியிட்டார்கள். அதன் சாரம், எங்களை ஆட விடுங்கள் என்பது. சுனில் சேத்ரியைப் போலக் கோடிக்கணக்கானவர்கள் அறிந்த ஆட்டக்காரர்களும் அதில் இருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு முதலில் மரியாதை வந்தது, பிறகு சங்கடம். இத்தனை பேர் ஒரே குரலில் பேசியது பெரிய காரியம். ஆனால் பேசிய மொழி கெஞ்சும் மொழி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன், வேலைக்குத் தயாராக நிற்கிறவன், "என் சம்பளம் எங்கே" என்று கேட்காமல் "என் விளையாட்டைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்க வேண்டியிருந்தது. ஏன்? விளையாட்டு ஒரு தவம், காசு பேசினால் தவம் கெட்டுவிடும் என்று எல்லோரும் சேர்ந்து அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறோம். அந்தப் பாடத்தில் நம் சினிமாவும் ஒரு வாத்தியார்.

சங்கம் இல்லையா? இருக்கிறது. இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் 2006இல் தொடங்கப்பட்டது, பாய்ச்சுங் பூட்டியா முன்னின்றார். 2009இல் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போகப் பார்த்தபோது அந்தப் பூட்டியாவுக்கே ஒப்பந்தத் தகராறு வந்தது. 2020இல் கொரோனா வந்ததும் குவெஸ் ஈஸ்ட் பெங்கால் மே 1 முதல் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 'யார் கையிலும் இல்லாத காரணம்' என்ற சட்ட வார்த்தையைச் சாக்காகக் காட்டினார்கள். திருப்பூரில் அந்த மே மாதம் பீகார்த் தொழிலாளிகள் ரயிலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சட்ட வார்த்தை கூடச் சொல்லப்படவில்லை. இந்த மாதிரி வழக்குகள் போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். லேபர் கோர்ட் இல்லை. கூட்டமைப்பே அமைத்திருக்கும் ஆட்டக்காரர் நிலைக் குழு. கொங்குப் பஞ்சாயத்தில் பண்ணாடிக்கும் ஆளுக்கும் தகராறு வந்தால் பெரிய பண்ணாடி தீர்ப்புச் சொல்வார் என்று என் பாட்டி சொல்வாள். கூட்டமைப்பு சில சமயம் ஆட்டக்காரனுக்குச் சாதகமாகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெரிய பண்ணாடியும் சில சமயம் சொல்லியிருப்பார்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த கதை ஒன்றும் உண்டு. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். தமிழ்நாட்டு அணி ஒன்று அந்த லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை. 2021-22 பருவத்தில் அந்த அணி லீக்கிலேயே இல்லை. சாம்பியன் பட்டத்திலிருந்து இல்லாமல் போவதற்கு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. தெரிந்த பெயர்கள் சில பெரிய லீக்குக்குப் போயின. மற்றவர்களைப் பற்றி ஒரு கட்டுரை, ஒரு கதை, ஒரு டாக்குமென்டரி உண்டா? ஒரு மில் மூடினால் எழுதுகிறோம், அணி மூடினால் எழுதுவதில்லை. காரணம், மில்லில் தொழிலாளி இருந்தான், மைதானத்தில் 'வீரன்' இருந்தான். வீரனுக்கு வேலை போகாது, வாய்ப்புத்தான் போகும். வார்த்தையே முதலாளிக்கு வேலை செய்துகொடுக்கிறது.

ஆட்டக்காரன் தொழிலாளி என்று நிலைநாட்ட மற்ற நாடுகளில் நீண்ட சண்டை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரை ஒரு கால்பந்துக்காரன் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் மிரட்டிய பிறகே அது போனது. அதைவிடக் கொடுமை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சம்பளமும் கொடுக்க வேண்டாம், வேறு கிளப்புக்கு விடவும் வேண்டாம். 1960இல் நியூகாசில் கிளப்பில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் ஆட மறுத்தார், பிழைப்புக்குக் கார்க் விற்கப் போனார். 1963இல் நீதிமன்றம் அந்த ஏற்பாடு ஒருவனுடைய தொழிலை நியாயமின்றித் தடுக்கிறது என்று சொன்னது. ஒப்பந்தம் முடிந்தவன் காசில்லாமல் வேறு கிளப் போகலாம் என்ற பாஸ்மன் தீர்ப்பு ஐரோப்பாவில் வர 1995 டிசம்பர் ஆனது. அமெரிக்கக் கால்பந்தில் 1987இல் ஆட்டக்காரர்கள் 24 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் வெளியாட்களை இறக்கி ஆட்டத்தை நடத்தினார்கள். 2011இல் முதலாளிகளே கதவடைத்தார்கள்.

நம் மில் பகுதிக்காரர்கள் ஈஸ்ட்ஹாம் கதையைக் கேட்டதும் ஒன்றை நினைப்பார்கள். சுமங்கலித் திட்டம். மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வைத்து, முடிவில் மொத்தமாகத் தருகிறோம் கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். இடையில் போனால் அந்தத் தொகை கிடையாது. தொழிலாளியின் காசைப் பிடித்து வைத்தால் தொழிலாளியையே பிடித்து வைத்ததாகும். ஆங்கிலேயக் கிளப்பும் ஸ்பின்னிங் மில்லும் ஒரே கணக்கைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன.

இவர்களில் நமக்கு நெருக்கமானவர் கர்ட் ஃப்ளட். கறுப்பர், பேஸ்பால் ஆட்டக்காரர். 1969இல் அவருடைய அணி அவரைக் கேட்காமல் வேறு ஊர் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. ஆடு மாடு மாதிரி என்னைக் கைமாற்ற முடியாது என்று அவர் வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 90 ஆயிரம் டாலர் சம்பளம். இத்தனை வாங்குகிறவனுக்கு என்னப்பா அடிமைத்தனம் என்று எல்லோரும் கேட்டார்கள். கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை நல்ல விலைக்குத்தான் போகும், அதற்காக அது விற்றவனாகிவிடுமா? 1972இல் உச்ச நீதிமன்றத்தில் ஃப்ளட் தோற்றார். அவருடைய ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. 1975 டிசம்பரில் அந்த விதி உடைந்தபோது பலன் வேறு ஆட்களுக்குப் போனது.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு, ஃப்ளட்டுக்கு அரை நூற்றாண்டு முன்னால். பல்வங்கர் பாலு. சமார் சாதி. புனேயில் பார்சிகளின் கிளப்பில் மாதம் 3 ரூபாய்க்கு மைதானம் கூட்டி உருளை இழுத்தவர். பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்பில் 4 ரூபாய். அங்கே துரைமார்களுக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்க அவரை விடவில்லை. பந்து வீசுவது கூலிக்காரன் வேலை, அடிப்பது துரை வேலை. இந்து அணிக்கு அவர் தேவைப்பட்டபோது மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். டீ மட்டும் வெளியே, மண் குவளையில். தோல் பந்துக்குத் தீட்டில்லை, தோல் தைக்கிறவனுக்குத் தீட்டு. கவலை இறைப்புக்குச் சால்பறி தைத்துக் கொடுத்துவிட்டு அந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்க முடியாமல் நின்ற மாதாரிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் பாலு நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி கொடுக்கவில்லை. 1920இல் பம்பாய் நாற்கூட்டுப் போட்டியில், பாலுவின் தம்பி விட்டலை ஒதுக்கிவிட்டு ஒரு பார்ப்பனரைக் கேப்டன் ஆக்கினார்கள். விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் ஆட்டத்திலிருந்து விலகினார்கள். காரணத்தைப் பத்திரிகையிலும் எழுதினார்கள். தீண்டத்தகாதவர்கள் என்பதால் எங்களைக் கீழே வைத்திருக்கிறீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இந்து ஜிம்கானா இறங்கி வந்தது, பாலு துணைக் கேப்டன் ஆனார், தம்பிகள் திரும்பினார்கள். 1923இல் விட்டலே கேப்டன் ஆனார். ராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட கிரிக்கெட் வரலாற்று நூல் இதை விரிவாகச் சொல்கிறது. ஆனால் அவர் இதைச் சமூகச் சீர்திருத்தக் கதையாகவே வாசிக்கிறார். காந்தியின் காலம், மாறும் மனசு என்று கதை போகிறது. நான் இதை வேலைநிறுத்தம் என்று வாசிக்கிறேன். உழைப்பை நிறுத்தினார்கள், கோரிக்கையை எழுதிக் கொடுத்தார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, பாதிக் கோரிக்கை கிடைத்ததும் வேலைக்குத் திரும்பினார்கள். இதற்கு வேறு பெயர் இருக்கிறதா? கோரிக்கை பதவி பற்றியது, அதனால் மானப் பிரச்சினை என்பீர்கள். பந்துவீச்சு கூலி, மட்டை துரைத்தனம், கேப்டன் அதிகாரம் என்று வேலையே சாதியாகப் பிரிந்து கிடந்த இடத்தில் மானத்தையும் கூலியையும் எந்தக் கத்தியால் வெட்டுவீர்கள்?

பாலு பின்னாளில் காங்கிரஸ் பக்கம் போனதும், 1937 தேர்தலில் பாபாசாகேப்பை எதிர்த்து நின்று தோற்றதும் நமக்குக் கசப்பான விஷயம்தான். அதற்காக 1920ஐ விட்டுக்கொடுக்க முடியாது. அந்த 1920க்கு அரசியல் விளக்கம் கொடுத்தவரும் அம்பேத்கர்தான், கிரிக்கெட்டை வைத்தல்ல, மில்லை வைத்து. பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் நம்மவர்களை விடவில்லை. நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், எச்சில் தீட்டு என்று சக தொழிலாளிகளே தடுத்தார்கள். கூலி அதிகம் கிடைத்த பிரிவு அது. இதை வைத்துத்தான் அவர் கம்யூனிஸ்ட் சங்கங்களைக் கேள்வி கேட்டார். அதே அம்பேத்கர் 1938இல் பம்பாய் அரசு தொழில் தகராறு மசோதா கொண்டுவந்தபோது, வேலைநிறுத்த உரிமை என்பது சுதந்திரத்துக்கு இன்னொரு பெயர், ஒருவன் விரும்பாத வேலையைச் செய்யாதது குற்றமென்றால் அவன் அடிமை என்ற பொருளில் சட்டசபையில் பேசினார். நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தமும் நடத்தினார். சண்டையும் போட்டார், சேர்ந்தும் நின்றார். நம் தோழர்களில் பாதிப் பேர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார்கள், இடதுசாரித் தோழர்கள் இரண்டாம் பாதியை மட்டும்.

திருப்பூரில் 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு மொழியையே உண்டாக்கிய போராட்டம் அது. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வில் ஒரு விஷயம் சொல்கிறார். இங்கே பல முதலாளிகள், குறிப்பாகக் கவுண்டர்கள், தொழிலாளியாக இருந்து வந்தவர்கள். நானும் உழைத்து வந்தவன், கைமடியிலிருந்து ஆரம்பித்தவன் என்பதே அவர்களுடைய முதல். உழைப்பையே மூலதனமாகக் காட்டுகிறார்கள். அந்தப் பாதையில் நம்மவர்களும் பெண்களும் ஏறுவது மிக அரிது. விளையாட்டுப் படத்தின் அடிப்படைக் கதையும் இதுதான் என்று கவனியுங்கள். கோச் ஒரு காலத்தில் ஆட்டக்காரன். நானும் அடிபட்டு வந்தவன், நீயும் அடிபடு, மேலே வருவாய். உழைத்து மேலே வந்தவன் கதையைக் கொண்டாடக் கொண்டாட, உழைத்தும் மேலே வராதவன் குற்றவாளி ஆகிறான். நூற்றில் ஒருத்தனைக் காட்டி மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் சம்பளக் கேள்வியை அடைத்துவிடலாம்.

நம் பக்கம் இருந்து ஒரு எதிர்வாதம் வரும், அதையும் மதித்துச் சொல்கிறேன். மைதானத்துக்குள் நுழையவே விடாதவர்களிடம் போய் முதலில் சம்பளம் கேள் என்கிறாயே, நுழைவதே பெரிய அரசியல் இல்லையா என்று. ஆமாம், நுழைவது அரசியல்தான். 'பைச'னில் கபடிக் கோட்டைத் தொடுவதற்குள் அந்தப் பையன் எத்தனை கோடுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஆனால் நுழைந்து முப்பது நாற்பது வருஷம் ஆன இடங்களும் உண்டு. பனியன் கம்பெனிக்குள் நுழைந்தோம். நுழைந்த பிறகு நடந்தது என்ன? 2016இல் குறித்தகால வேலை என்ற ஏற்பாட்டை மத்திய அரசு ஆயத்த ஆடைத் தொழிலுக்குத்தான் முதலில் கொண்டுவந்தது. பிறகு அது எல்லாத் தொழிலுக்கும் போனது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இத்தனை மாதம் வேலை, தேதி முடிந்தால் ஒப்பந்தம் முடிந்தது, நீக்கினார்கள் என்றே சொல்ல முடியாது. கால்பந்துக்காரன் கையெழுத்துப் போடுவதும் அதே காகிதம்தான். பந்து உதைக்கிறவனுக்கும், அவன் போடும் ஜெர்சியை ஓவர்லாக் அடிக்கிறவளுக்கும், ஜலந்தரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பந்து தைத்த நம் தோல் சாதிக்காரர்களுக்கும் நடுவே முன்பு பெரிய தூரம் இருந்தது. காகிதத்தில் அந்தத் தூரம் குறைந்துகொண்டு வருகிறது.

எங்கள் பக்கத்து டோர்னமெண்டுகளில் இந்த மாற்றம் ஏற்கெனவே தெரிகிறது. முன்பெல்லாம் கம்பெனிக்காரர் ஜெர்சி எடுத்துக் கொடுப்பார், நெஞ்சில் கம்பெனி பெயர் இருக்கும், ஃப்ளெக்ஸில் கும்பிட்டபடி அவர் நிற்பார். பையன்கள் பிரியாணியோடு சந்தோஷப்படுவார்கள். காலனியில் நன்றாக ஆடுகிற பையனைக் 'கெஸ்ட் பிளேயர்' என்று ஊர் அணி கூட்டிப்போகும், ஆட்டம் முடிந்ததும் கோயில் வாசலில் நடக்கும் பரிசளிப்புக்கு அவன் மட்டும் வரமாட்டான். இப்போது அந்தப் பையன்கள் கிளம்புவதற்கு முன்பே பேட்டா பேசுகிறார்கள். ஒரு ஷிப்டை விட்டுவிட்டு வருகிறோம், ஷிப்ட் கூலி வேண்டும், பஸ் காசு வேண்டும், கால் பிசகினால் கட்டுப் போடும் செலவு வேண்டும். "காசுக்கு ஆடறானுக, விளையாட்டுப் பற்றே இல்லீங்க" என்று ஊர்ப் பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். போன தை மாசம் ஒரு ஆட்டத்தில் பேட்டா படியாமல் இரண்டு பேர் இறங்க மறுத்துவிட்டார்கள். கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. மைக்கில் அவர்கள் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அப்புறம் யாரோ ஒருவர் போய்க் காசை எண்ணிக் கையில் கொடுத்தார்கள், இருவரும் இறங்கினார்கள். படம் எடுக்கிற தம்பிகள் யாராவது அந்தக் கால் மணி நேரத்தை எடுக்க வேண்டும்.